விரல் வழியே வரும் கதை: ஆக்‌ஷன் விளையாட்டுகளில் நாம் ஒன்றிப்போவது எப்போது?

கேள்வி: கூலிமிலிருந்து ஒரு தம்பி
2 மார்ச் 2025, இரவு 9:12

ஆக்‌ஷன் விளையாட்டுகளுக்குக் கதை தேவையில்லை என்பது என் கருத்து. சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் கட்சீன் (இடையில் தானாக ஓடும் படக்காட்சி) வந்து கையைக் கட்டிப்போடுகிறது. நான் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. கதை வேண்டும் என்பவர்கள் படம் பார்க்கலாமே? கதையால்தான் விளையாட்டில் மூழ்க முடிகிறது என்று சொல்பவர்கள், எந்த இடத்தில் அப்படி மூழ்கினீர்கள் என்று குறிப்பாகச் சொல்ல முடியுமா?

பதில்: 2 மார்ச், இரவு 11:40

கட்சீன் கையைக் கட்டிப்போடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதை தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது நாங்கள் பினாங்கின் பாயான் பாருவில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தோம். ஜார்ஜ் டவுனில் ஒரு சிறு கடையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய வட்டில் ஒரு சாகச விளையாட்டு இருந்தது. ஒரே வட்டில் அடக்குவதற்காக அதிலிருந்த படக்காட்சிகள் அனைத்தையும் யாரோ நீக்கியிருந்தார்கள். நாங்கள் அதை அறியவில்லை. ஒரு கட்டம் முடிந்ததும் திரை இருண்டு, அடுத்த கட்டம் நேரடியாகத் தொடங்கும். அதுதான் அந்த விளையாட்டின் பாணி என்று நானும் என் தம்பியும் நினைத்துக்கொண்டோம். எரிந்துகிடந்த வீடுகள், பூட்டிய கதவுக்கு முன்னால் விழுந்துகிடந்த ஒருவன், சுவரில் கிறுக்கியிருந்த அம்புக்குறி ஆகியவற்றைக் கொண்டே முழுக் கதையையும் நாங்களே கட்டிக்கொண்டோம். பல ஆண்டுகள் கழித்து முழுமையான பதிப்பை விளையாடியபோது, அந்தப் படக்காட்சிகள் எங்கள் கதையைவிடக் குறைவாகவே சொல்லின. கட்சீன் ஒன்றுகூட இல்லாமல் நான் ஒரு கதைக்குள் இருந்தேன். கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

3 மார்ச், காலை 7:05

ஓர் எடுத்துக்காட்டு சேர்க்கிறேன். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ தொடங்கும்போது, பிளாக் மேசா ஆய்வுக்கூடத்துக்குள் போகும் ஒரு தொங்கு வண்டியில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம். சுடுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் நடக்கலாம், எந்தச் சன்னல் வழியாக வேண்டுமானாலும் எட்டிப்பார்க்கலாம். அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதையும், எதையோ மறைக்கும் இடம் என்பதையும் நம் கண்ணே தேடிக் கண்டுபிடிக்கிறது. முதலிலிருந்து முடிவு வரை கேமரா நாயகன் கோர்டன் ஃப்ரீமனின் கண்ணைவிட்டு வெளியே போவதில்லை; கட்டுப்பாடு நம் கையைவிட்டு ஒருமுறைகூட நழுவுவதில்லை.

2004-இல் வந்த இரண்டாம் பாகத்தில், ரயில் நிலையத்தில் நிற்கும் முகமூடிக் காவலன் ஒரு காலித் தகரக்குவளையைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறான். பொருளை எப்படித் தூக்குவது என்பதற்கான பாடம் அது. அந்த ஊரில் மனிதர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதற்கான பாடமும் அதுவே. நான் முதல் முறை குவளையைத் தொட்டியில் போட்டேன், அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் கீழ்ப்படிந்தது என் கை.

3 மார்ச், பிற்பகல் 1:20

காலையில் எழுதியதில் ஒரு பிழை. முதல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் நடுவில், இருட்டறை ஒன்றில் படைவீரர்கள் கோர்டனை அடித்து வீழ்த்தி, குப்பை நசுக்கும் இயந்திரத்தில் போடுவதற்காக இழுத்துச்செல்லும் இடம் இருக்கிறது. அப்போது நம்மால் எதுவும் செய்ய முடியாது. ‘ஒருமுறைகூட’ என்று நான் எழுதியது தவறு. ஆனால் அந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வரவில்லை, பயம் வந்தது. மயங்கியவனுக்குக் கை இயங்காது. அவனுக்கு இல்லாத கட்டுப்பாடு நமக்கும் இல்லை.

5 மார்ச், இரவு 10:15

மூழ்குவது என்ற சொல்லைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். மூழ்குபவர் செயலற்றுப்போகிறார், தண்ணீர்தான் எல்லாவற்றையும் செய்கிறது. நம் வீடுகளில் கதை கேட்டவர்கள் மூழ்கியதில்லை. பாட்டி கதை சொன்னால் நாம் ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நிற்கும். தூங்கிவிட்டாயா என்று பாட்டி கேட்பார். சொல்பவரின் மூச்சோடும் கேட்பவரின் ‘உம்’மோடும் கதை நடக்கும். இதை ஒன்றிப்போவது என்று சொல்வதுதான் பொருத்தம். கூலிம் தம்பி கேட்ட கேள்வியையும் நான் இப்படி மாற்றிக்கொள்கிறேன்: ஆக்‌ஷன் விளையாட்டில் நம் விரல் பொத்தானை அழுத்தும்போது, அது ‘உம்’ ஆகிறதா, அல்லது வெறும் அழுத்தலாகவே நின்றுவிடுகிறதா?

2003-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: த சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ இதை நன்கு புரிந்துகொண்ட விளையாட்டு. முழு ஆட்டமும் இளவரசன் சொல்லும் கதையாகவே நடக்கிறது. நாம் தவறித் தூணிலிருந்து விழுந்து இறந்தால், ‘இல்லை, இல்லை, அது அப்படி நடக்கவில்லை’ என்று அவன் குரல் குறுக்கிட்டுக் கதையைத் திருத்துகிறது. மற்ற விளையாட்டுகளில் சாவு என்பது கதை அறுந்துபோகும் இடம். இங்கே நம் தோல்வி, கதை சொல்பவனின் நாத்தடுமாற்றமாக மாறிவிடுகிறது. அவன் யாரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது கடைசியில் தெரியவரும்போது, இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் இருந்த இடத்தில் நாமும் இருந்தோம் என்பது உறைக்கிறது.

6 மார்ச், இரவு 11:55

இந்தக் குறிப்பில் ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ விளையாட்டின் முடிவு வருகிறது. இனிமேல் விளையாட இருப்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.

2013-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு என் தம்பி ஜொகூரிலிருந்து வந்திருந்தான். ஜோசஃப் ஃபாரஸ் இயக்கிய அந்த விளையாட்டு அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு சிறுவர்கள். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகிறார்கள். கன்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சியும் இடப்பக்க விசையும் அண்ணனுக்கு உரியவை, வலப்பக்கம் தம்பிக்கு. அவர்கள் பேசும் மொழி உலகத்தில் எந்த நாட்டு மொழியும் இல்லை. எல்லா நாட்டினருக்கும் சமமாகப் புரியாத மொழி.

எங்களிடம் ஒரே கன்ட்ரோலர்தான் இருந்தது. ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டோம். இடப்பாதி எனக்கு, வலப்பாதி அவனுக்கு. தாய் நீரில் மூழ்கி இறந்ததால் இளையவனுக்கு நீந்தப் பயம். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டே வருவான். நான் என் விசையை அழுத்தி நீந்துவேன், அவன் தன் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பான். மூன்று மணி நேரம் இப்படியே போயிற்று.

பிறகு விளையாட்டில் அண்ணன் இறந்துவிடுகிறான். என் கைக்கு வேலை இல்லாமல் போனது. நான் கன்ட்ரோலரை விட்டுவிட்டேன். என் தம்பி தனியாகவே விளையாடினான். வீடு திரும்பும் வழியில் அதே போன்ற நீர் குறுக்கிடுகிறது. தம்பி தன் விசையை அழுத்திப் பார்த்தான். சிறுவன் கரையிலேயே தயங்கி நின்றான். மீண்டும் மீண்டும் அழுத்தினான். விளையாட்டு பழுதாகிவிட்டது என்றுகூட நினைத்தோம். பிறகு அவன் எதுவும் பேசாமல், நான் விட்டுப்போன பாதிக்குக் கையை நீட்டி, என் விசையை அழுத்தினான். சிறுவன் நீந்தினான்.

நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. எந்த வசனமும் அங்கே இல்லை, இருந்திருந்தாலும் புரிந்திருக்காது. அந்த ஒரு விசையில் கதை முழுவதும் இருந்தது.

7 மார்ச், இரவு 8:30

நேற்று எழுதியதை மீண்டும் படித்தேன். ஒன்று தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த விளையாட்டு ஒருவரே இரண்டு கைகளாலும் ஆடுவதற்காக அமைக்கப்பட்டது. நாங்கள் பகிர்ந்து ஆடியது எங்கள் வசதிக் குறைவால். ஒருவர் ஆடும்போது இடக்கை வெறுமையாகக் கிடப்பதை அவரே உணர்வார், பிறகு அந்தக் கைக்கே மீண்டும் உயிர் வரும். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கு வேறொன்று கிடைத்தது.

இரண்டுக்கும் பொதுவானது கைப்பழக்கம். அந்த விசைக்கு மூன்று மணி நேர வரலாறு இருந்தது. வரலாறு இல்லாத விசை என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்’ சான்று. நண்பனின் சவப்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது, மரியாதை செலுத்த எஃப் விசையை அழுத்துமாறு கணினித் திரையில் எழுத்து தோன்றுகிறது. உலகமெங்கும் அது கேலிக்கு உள்ளானது. அதை எழுதியவர்களின் நோக்கம் கேலிக்குரியதல்ல. துக்கத்தில் நம் கையையும் சேர்க்கவேண்டும் என்று அவர்கள் எண்ணியது சரியானதே. ஆனால் பொருள்களைக் கையாள்வதற்கு என்று நம் விரல் அறிந்த ஒரு விசையிடம், முன்னறிவிப்பில்லாமல் அஞ்சலியைக் கேட்டார்கள்.

அதற்கு நேர்மாறானது 2004-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 3’. அந்தத் தொடர் நீண்ட கட்சீன்களுக்குப் பெயர்போனது. கூலிம் தம்பி பொறுமை இழந்துவிடுவார். ஆனால் இறுதியில், வெண்மலர் வயலில் வீழ்ந்துகிடக்கும் குருவை நோக்கித் துப்பாக்கி நீட்டப்பட்டதும், காட்சி நகராமல் நிற்கிறது. நாம் அழுத்தினால்தான் குண்டு வெளியேறும். ஆட்டம் முழுவதும் சிந்திக்காமல் அழுத்திய அதே சுடும் பொத்தான். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

9 மார்ச், மாலை 6:10

‘பிரதர்ஸ்’ ஆக்‌ஷன் விளையாட்டே அல்ல என்று சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். சரி. சண்டையே உயிராக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஃபுமிட்டோ உவேடாவின் ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’, 2005. பரந்த வெற்று நிலம், ஒரு குதிரை, பதினாறு மாபெரும் உருவங்கள். இடையில் சில்லறை எதிரிகள் எவரும் இல்லை. இறந்துபோன பெண்ணை உயிர்ப்பிப்பதற்காக அந்தப் பதினாறையும் கொல்லவேண்டும். அவற்றின் உடல்மீது ஏறிப் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தானை விடாமல் அழுத்த வேண்டும். உருவம் உலுக்கும்போது விரல் தானாகவே இறுகும். பிடிவலு குறைவதை ஒரு வட்டம் காட்டுகிறது. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்பே நம் சுட்டுவிரல் வலியால் அறிந்துவிடுகிறது.

சில உருவங்கள் நம்மைத் தாக்குவதே இல்லை. அவை தம்பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்க, நாம்தான் போய்க் குத்துகிறோம். விழும்போது வெற்றி முழக்கம் கேட்பதில்லை, துயர இசை கேட்கிறது. கரிய இழைகள் கிளம்பி வந்து நாயகன் உடலில் பாய்கின்றன. கட்டத்துக்குக் கட்டம் அவன் முகம் கறுத்துக்கொண்டே போகிறது. நீ செய்வது சரியா என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கடைசியில் மந்திரச் சுழல் அவனை இழுக்கும்போதும் கட்டுப்பாடு நம் கையிலேயே இருக்கிறது. ஓடலாம், படிக்கட்டைப் பற்றிக்கொள்ளலாம். ஆட்டம் முழுவதும் நம்மைக் காத்த பிடி அங்கே காக்காது. பயன் இல்லை என்று தெரிந்தும் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். சண்டையும் கதையும் ஒரே பொத்தானில் இருந்தால், தாண்டுவதற்குத் தனியாகக் கதை என்று ஒன்று எங்கே இருக்கிறது?

இரண்டும் வெவ்வேறு வழியில் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு, கிளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் 2007-இல் ‘பயோஷாக்’ பற்றி எழுதும்போது ஒரு பெயரே சூட்டினார். தமிழில் ஆட்டத்துக்கும் கதைக்கும் இடையிலான முரண் எனலாம். 2013-இன் ‘டூம் ரைடர்’ விளையாட்டில் நாயகி லாரா முதல் மனிதனைக் கொன்றதும் நடுங்குகிறாள். சிறிது நேரத்தில் நம் கை டசன் கணக்கில் ஆட்களை வீழ்த்திக்கொண்டிருக்கிறது. அவள் நடுங்கியதை என் விரல் நம்பவில்லை.

12 மார்ச், இரவு 9:45

கிள்ளானிலிருந்து எழுதிய அக்கா என்னை யோசிக்க வைத்துவிட்டார். கடினமான சண்டைக்குப் பிறகு வரும் கட்சீன்தான் தன் மணிக்கட்டுக்கு ஓய்வு என்றும், கை ஓய்ந்தால்தான் நடந்தது என்ன என்று மனம் எண்ணத் தொடங்கும் என்றும் சொல்கிறார். கதாகாலட்சேபத்தில் பேச்சுக்கு நடுவே பாட்டு வருவதைப் போல என்று அவர் கொடுத்த உவமை நன்றாக இருந்தது. பாட்டு வரும்போது கதை நகராது. ஆனால் கேட்டது உள்ளே இறங்கும்.

ஆகவே கட்சீனே கூடாது என்பது போன்ற தொனி என் முந்தைய குறிப்புகளில் இருந்தால், அதை எடுத்துவிடுகிறேன். 2013-இல் வந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில் ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தை எண்ணிப்பார்க்கிறேன். எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் விருப்பம். நாம் நகரும் வரை கதையின் நாயகர்களான எல்லியும் ஜோயலும் அங்கேயே நிற்பார்கள். கைக்கு ஓய்வும் உண்டு, கட்டுப்பாடும் நம்மிடம் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு கொடுமையான ஆட்டம் என்பதை விளையாடியவர்கள் அறிவார்கள்.

13 மார்ச், காலை 6:50

விளையாட்டின் மொழி முழுதாகப் புரியாவிட்டால் கதை என்ன ஆகும் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ‘டார்க் சோல்ஸ்’ இயக்குநர் ஹிதெடாக்கா மியசாக்கி, சிறுவயதில் தமக்கு முழுமையாகப் புரியாத ஆங்கிலக் கற்பனைக் கதைகளைப் படித்து, புரியாத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய விளையாட்டுகளில் கதை துண்டு துண்டாக, வாளின் குறிப்பிலும் மோதிரத்தின் குறிப்பிலும் சிதறிக்கிடப்பது அந்த வாசிப்பிலிருந்து வந்தது. படக்காட்சி நீக்கப்பட்ட எங்கள் ஐந்து வெள்ளி வட்டை நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர்க் கை என்று பார்த்தால், கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020-இல் வெளிவந்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ இருக்கிறது. எதிரிகள் பாட்டின் தாளத்துக்கு அடிக்கிறார்கள்; காது கேட்பதுதான் கையின் தற்காப்பு. அதில் ஒரு பாத்திரம் மலாயில் ராப் பாடிக்கொண்டே வாயாங் கூலிட் என்ற நிழற்பாவைக் கூத்தின் உருவத்தை ஏவுகிறது. மலாய் தெரியாத வெளிநாட்டவரைவிட எனக்கு அந்த மோதல் ஒரு படி நெருக்கமாக இருந்தது. தமிழில் வசைபாடிக்கொண்டு ஓர் எதிரி என்மேல் பாயும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். என் கை அப்போது எப்படி நடுங்கும் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசை.

16 மார்ச், இரவு 11:30

ஒருவர் கேட்டார்: கதை விரல் வழியேதான் வருகிறது என்றால், விரல் இயங்காதவர்களுக்குக் கதை இல்லையா? மூன்று நாட்களாக இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் பதில் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது.

விளையாட்டு உருவாக்குபவர்கள் இதை எண்ணாமல் இல்லை. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் 2020-இல் வந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. பொத்தான்களை முழுவதுமாக மாற்றியமைக்கலாம், பார்வையற்றோரும் ஒலியைக் கொண்டே ஆடலாம். ஆனால் அப்பாவுக்கு அவை எதுவும் உதவவில்லை. 2022-இல் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வலக்கை எழவில்லை. இடக்கையால் கன்ட்ரோலரைப் பிடிக்க அவருக்கு மனம் இல்லை. ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது.

நான் 2018-இன் ‘காட் ஆஃப் வார்’ விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அந்த விளையாட்டில் கேமரா தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெட்டுப்படாமல் ஒரே ஓட்டமாக வருகிறது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு முக்கியமானது படகு. கிரேட்டோஸும் அவன் மகன் அட்ரேயஸும் ஏரியில் படகில் போகும்போது கதை பேசுவார்கள். துடுப்புப் போடுவது என் கை, பேச்சைத் தமிழில் சொல்வது என் வாய், கேட்பது அப்பா. கிரேட்டோஸ் ஆமை முயல் கதையைச் சுருக்கமாக, உணர்ச்சியே இல்லாமல் சொல்லி முடித்தபோது, ‘கதை சொல்லத் தெரியாத மனுசன், பாவம், பிள்ளைக்காக முயற்சி செய்கிறான்’ என்றார். இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

பிறகு மிமிர் என்பவனின் வெட்டுண்ட தலை அவர்களோடு சேர்கிறது. அந்தத் தலை படகில் நீண்ட பழங்கதைகள் சொல்லும். நாம் கரையேறினால் கதையை நிறுத்திவிட்டு, மீண்டும் படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அப்பா தம்மை அறியாமல் ‘உம்’ கொட்டத் தொடங்கினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குத் தடங்கலில்லாமல் வரும் ஒலிகளில் அதுவும் ஒன்று.

நான் முதலில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. விரல் ஒருவருடையதாகவும் ‘உம்’ வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதை நான் எண்ணிப்பார்த்திருக்கவில்லை. 2013-இல் பாதிக் கன்ட்ரோலரைப் பிடித்திருந்தபோதே தெரிந்திருக்க வேண்டியது.

நேற்று இரவு சிறு தீவொன்றில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டுப் படகைக் கரையில் ஒதுக்கினேன். தலை கதையை நிறுத்தியது. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே, ‘பெட்டி எங்கேயும் போகாது, படகில் ஏறு, அந்தத் தலை பாதியில் விட்டதை முடிக்கட்டும்’ என்றார். பெட்டியைத் திறக்காமலே படகுக்குத் திரும்பினேன்.